சேதுக்கரை வழக்குகள்: மானாமதுரையில் இறங்கிய பெட்டி

சென்ற அத்தியாயத்தில், 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 4-ஆம் நாள், இரகுநாத கிழவன் சேதுபதியின் ஆட்சிக் காலத்தில், ஓரியூரில் சிரச்சேதம் செய்யப்பட்ட அருளானந்தர் என்னும் ஜான் டி பிரிட்டோ பாதிரியாரின் வரலாற்றைக் கண்டோம். அது பகிரங்கமாக நிறைவேற்றப்பட்ட அரச தண்டனை. யார் ஆணையிட்டார், யார் நிறைவேற்றினார், எங்கே நிகழ்ந்தது என்பவற்றுக்கெல்லாம் ஊரே சாட்சி. இந்த அத்தியாயத்தில் சொல்லப் புகும் சம்பவமோ, அதற்கு ஏறக்குறைய இருநூற்று அறுபது ஆண்டுகளுக்குப் பின், சென்னைப் பட்டணத்தில் மூடிய கதவுக்குள் நிகழ்ந்து, யாருக்கும் தெரியாமல் போய்விட வேண்டும் என்னும் கருத்தோடு ஒரு பெட்டியில் அடைக்கப்பட்டு, ரயிலேறி நம் சீமைக்கு வந்து, மானாமதுரை ஸ்டேஷனில் வெளிப்பட்டது. ஆளவந்தார் கொலை வழக்கு என்று தமிழ்நாடு முழுவதும் பிரசித்தி பெற்ற அந்த வழக்கு, நிகழ்ந்த ஸ்தலத்தால் சென்னைக்கு உரியதாயினும், வெளிப்பட்ட ஸ்தலத்தால் இராமநாதபுரத்துக்கும் உரியது. ஆகையால் இத்தொடரில் அதற்கு இடம் உண்டு.

சென்னை எழும்பூரிலிருந்து இரவில் புறப்பட்டு, விழுப்புரம், திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி என்று இறங்கி, மானாமதுரையைத் தொட்டுக் கிழக்கே திரும்பி, பரமக்குடி, இராமநாதபுரம், மண்டபம் வழியாகப் பாம்பன் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடியில் கடலோரம் நின்றது இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ். அங்கிருந்து கப்பலேறினால் தலைமன்னார். அங்கே மறுபடி ரயிலேறினால் கொழும்பு. கப்பலோடு இணைந்த வண்டியாதலால் ஜனங்கள் அதைப் போட் மெயில் என்றே அழைத்தார்கள். 1914-ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது முதல் 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது வரையில், சரியாக அரை நூற்றாண்டுக் காலம், கொழும்பில் கடை வைத்திருந்த வியாபாரிகளும், மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சென்ற கூலித் தொழிலாளரும், இராமேசுவர யாத்திரிகரும் ஒரே வண்டியின் மூன்றாம் வகுப்பில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து பயணம் செய்தார்கள். அக்கரைக்குப் போகிறவர்களிடம் பெட்டிகள் அதிகம். ஒருவர் இருக்கைக்கு அடியில் மற்றொருவரின் டிரங்குப் பெட்டி கிடப்பது அந்த வண்டியில் அன்றாட வழக்கம். அது யாருடையது என்று கேட்பாரும் இல்லை, கேட்க வேண்டுமென்று தோன்றுவதும் இல்லை. அந்தப் பெட்டியை அங்கே வைத்தவர் நம்பியது இந்த வழக்கத்தைத்தான்.

நான் இதை எழுதும் காரங்காட்டுக்கு ரயில் வந்ததில்லை. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட இந்தக் கடற்கரையில், அலையாத்தி மரங்கள் அடர்ந்த கழிமுகத்தை ஒட்டி அமைந்த மீனவர் கிராமம் இது. இக்காலத்தில் வனத்துறையார் வெளியூர் ஜனங்களைப் படகில் ஏற்றி மரக்காட்டைச் சுற்றிக் காட்டுவதால் இதன் பெயர் வெளியே தெரிய வந்திருக்கிறது. ஆயினும் ரயில் வராத ஊருக்கும் ரயிலில் வந்த செய்தி வந்து சேராமல் இருந்ததில்லை. பத்திரிகை படிக்கத் தெரிந்தவர் ஒருவர் படிக்க, மற்றவர் சுற்றி அமர்ந்து கேட்ட காலம் அது; பெருங்கொலைகளைப் பாட்டாகக் கட்டிச் சிறு புத்தகமாக அச்சிட்டு, சந்தைகளிலும் ரயிலடிகளிலும் பாடிக் காட்டி விற்ற கொலைச் சிந்துக்காரர்கள் ஊர் ஊராகத் திரிந்த காலமும் அதுவே. அந்தப் பாட்டுகளில் வெட்டும் இரத்தமும் மிகுதி. ஆனால் வழக்கு எப்படித் துலங்கிற்று என்பது அவற்றில் மிகக் குறைவு. நமக்கு இங்கே வேண்டியது துலங்கிய விதமே.

1952-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தின் கடைசி நாட்கள். சுதந்திர இந்தியாவின் முதற் பொதுத்தேர்தல் முடிந்து, ராஜாஜி சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியாகப் பொறுப்பேற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. தெற்கு நோக்கி வந்துகொண்டிருந்த போட் மெயிலின் மூன்றாம் வகுப்புப் பெட்டியொன்றில், இருக்கைக்கு அடியிலிருந்து சகிக்க முடியாத துர்நாற்றம் எழுவதைப் பிரயாணிகள் உணர்ந்தார்கள். கருவாடோ, கெட்டுப்போன பண்டமோ என்று முதலில் எண்ணியிருக்கக்கூடும். நம் பக்கத்து வண்டிகளில் அந்த வாடை புதிதன்று. ஆனால் பொழுது ஏற ஏற அது வேறு வகையினது என்று தெளிவாயிற்று. உரிமை கோருவார் எவருமில்லாத ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து அது வருவதைக் கண்டு அவர்கள் முறையிட, மானாமதுரையில் பெட்டி இறக்கப்பட்டுப் போலீசார் முன்னிலையில் திறக்கப்பட்டது. உள்ளே இருந்தது தலையற்ற ஓர் ஆண் பிரேதம்.

வைகைக் கரையில் மண்பாண்டத்துக்கும் கடத்துக்கும் பெயர் பெற்ற சிற்றூர் மானாமதுரை. அன்று இராமநாதபுரம் ஜில்லாவில் அடங்கியிருந்தது, இன்று சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. அத்தகைய ஊரின் ரயிலடியில், அத்தகைய பெட்டியைத் திறந்து நின்ற அதிகாரிகளின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். கொலை அவர்கள் எல்லைக்குள் நடந்ததா, வழியில் ஏதேனும் ஒரு ஸ்டேஷனில் பெட்டி ஏறியதா, எழும்பூரிலேயே ஏறியதா என்பதற்கு விடை இல்லை. முந்நூறு மைலுக்கு மேற்பட்ட பாதையில் எந்த இடமும் கொலை நடந்த இடமாக இருக்கலாம். முகம் இல்லையேல் பெயர் இல்லை. பெயர் இல்லையேல் ஊர் இல்லை. ஊர் இல்லையேல் பகைவன் யார், நண்பன் யார் என்று கேட்க வழியே இல்லை. சிரத்தை மட்டும் தனியே அகற்றியவனின் கருத்து இதுதான் என்பதில் ஐயமில்லை. அந்நாளில் வழங்கிய 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவு, சந்தேக மரணங்களில் அக்கம்பக்கத்துக் கௌரவஸ்தர் இருவரையேனும் வைத்துப் பிரேத விசாரணை நடத்த வேண்டும் என்று விதித்தது. முகமில்லாத உடலுக்கு என்ன எழுத முடியும்? உடலின் அளவு, உடுத்திருந்த துணி, தழும்பு, மச்சம், கட்டியிருந்த கயிறு, பெட்டியின் நிறம், பூட்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதுவதே செய்யக்கூடியது. கதை எழுதுவோரும் சிந்து பாடுவோரும் இந்த எழுத்து வேலையைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் பின்னால் சென்னையில் துப்புத் துலங்கியபோது ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்க்க ஏதாவது இருந்ததென்றால், அது இங்கே மானாமதுரையில் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு செய்யப்பட்ட இந்த வேலையின் பயனே என்று நான் கருதுகிறேன்.

இதே சமயத்தில் சென்னையில் ஒருவரைக் காணவில்லை என்னும் முறையீடு போலீசாரிடம் போயிருந்தது. பாரிமுனையில் பேனா வியாபாரத்துக்குப் புகழ்பெற்ற ஜெம் அண்டு கம்பெனியைச் சார்ந்து வியாபாரம் செய்து வந்தவர் ஆளவந்தார். யுத்த காலத்தில் ராணுவத்தில் பணிபுரிந்து வெளிவந்தவர், வயது நாற்பதைத் தாண்டியவர், மனைவி உள்ளவர். பிளாஸ்டிக் சாமான்களோடு, புடவைகளைத் தவணை முறையில் கொடுப்பதும் அவர் தொழில். அந்தத் தவணைப் புடவைகளின் வாயிலாகப் பல பெண்களோடு பழக்கம் கொண்டார் என்பதும், அப்பழக்கம் நல்ல பெயரைத் தராததாக இருந்தது என்பதும் பிற்பாடு கோர்ட்டில் விரிவாகப் பேசப்பட்டவை. ஆகஸ்ட் 28-ஆம் தேதி கடையிலிருந்து கிளம்பியவர் திரும்பவில்லை. அவர் கடைசியாகச் சென்ற இடம் என்று விசாரணை சுட்டிக்காட்டியது, இராயபுரம் சிமெட்ரி ரோட்டிலுள்ள ஒரு வீட்டை. அங்கே குடியிருந்தவர்கள் கேரளத்தைச் சேர்ந்த பிரபாகர மேனனும் அவர் மனைவி தேவகியும். மேனன் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவர். தேவகிக்குத் திருமணத்துக்கு முன்பே ஆளவந்தாரோடு பழக்கம் ஏற்பட்டிருந்தது. போலீசார் தேடிச் சென்றபோது தம்பதிகள் அங்கே இல்லை, பம்பாய்க்குப் போய்விட்டிருந்தார்கள்.

பிறகு தலை கிடைத்தது. இராயபுரம் கடற்கரையில், ஒரு சட்டையில் சுற்றப்பட்ட நிலையில் அது கண்டெடுக்கப்பட்டது. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவனாகிய நான் இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஆழ்கடலில் கல்லைக் கட்டிப் போடுவது வேறு. கரையோரத்து மணலையும் அலையையும் நம்பி ஒரு பொருளை மறைக்க நினைப்பது வேறு. கரை என்பது இரவுக்கு இரவு இடம் மாறுவது. இன்று மேடாக இருக்கும் மணல் நாளைக்குப் பள்ளம். அதிலும் சென்னைத் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்ட பின், தெற்கே மெரீனாவில் மணல் குவிந்து கரை அகன்றதும், வடக்கே இராயபுரத்தில் அலை அரித்துக் கரை குறைந்ததும் யாவரும் அறிந்த உண்மை. மணலைச் சேர்க்காமல் அள்ளிக்கொண்டு போகும் கரையில் ஒரு மனிதத் தலையை ஒளிக்க எண்ணியது நகரவாசியின் அறியாமை. மீனவர் ஒருவரும் அப்படிச் செய்திருக்கமாட்டார்.

தலை சென்னையில், உடல் மானாமதுரையில். இரண்டும் ஒருவருடையவையே என்று நிரூபிக்க வேண்டிய கடமை மருத்துவ சாஸ்திரத்துக்கு வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சட்ட மருத்துவத் துறையில் விளங்கிய டாக்டர் சி. பி. கோபாலகிருஷ்ணன் இவ்வாய்வை மேற்கொண்டார். இத்தகைய ஆய்வில் மருத்துவர் பார்ப்பது, கழுத்தெலும்பு எந்தக் கணுவில் துண்டிக்கப்பட்டது, தலையோடு எத்தனை கணு போயிற்று, உடலோடு எத்தனை நின்றது, இரண்டு வெட்டுவாய்களும் தோலிலும் தசையிலும் எலும்பிலும் ஒன்றோடொன்று இசைகின்றனவா என்பவற்றை. கழுத்தெலும்புக் கணுக்கள் மனிதனுக்கு ஏழே. இரு துண்டங்களிலும் உள்ளவற்றைக் கூட்டி ஏழு வந்து, வெட்டுமுகங்களும் இசைந்துவிட்டால், அதற்குமேல் சாதுரியமான வக்கீலாலும் மறுத்துப் பேசுவது அரிது. அழுகிய முகத்தை மனைவி அடையாளம் காட்டினார். அவர் கண்ணுக்குத் தெரிந்த அந்த உண்மையை, ஆளவந்தார் ராணுவத்தில் சேர்ந்தபோது வைத்திருந்த கைரேகைகள் உறுதி செய்தன. யுத்தத்துக்கு ஆள் சேர்க்கும்போது எவரும் இப்படி ஒரு பயனை எண்ணிக் கைரேகை எடுக்கவில்லை. ஆயினும் முகத்தை அகற்றியவன் விரல்களை விட்டுவைத்தான், விரல்கள் பெயரைச் சொல்லிவிட்டன.

மற்றவை விரைவில் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. பம்பாயில் மேனனும் தேவகியும் கைது செய்யப்பட்டுச் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் வீட்டில் வேலை செய்த சிறுவன் ஒருவன் சாட்சியானான். கொலையைத் திட்டமிடுகிறவர்கள் எப்போதும் பெரிய மனிதர்களின் கண்ணுக்கே அஞ்சுகிறார்கள். ஏவலுக்கு நிற்கும் சிறுவனும், பெட்டி தூக்கும் கூலியும், ரிக்ஷா இழுப்பவரும் பார்க்கிறார்கள், நினைவில் வைக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

1953-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சென்னை ஹைகோர்ட்டில் விசாரணை தொடங்கியது. நீதிபதி ஏ. எஸ். பஞ்சாபகேச ஐயர். பாலக்காட்டுப் பக்கத்து அயிலம் கிராமத்தவர், ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர், ஆங்கிலத்தில் நாடகங்களும் சரித்திரக் கதைகளும் எழுதிப் பெயர் பெற்றவர். அரசுத் தரப்பில் வாதாடியவர் கோவிந்த் சுவாமிநாதன். நேதாஜியின் படையில் ஜான்சி ராணிப் பிரிவை நடத்திய கேப்டன் லட்சுமியின் சகோதரர். முதல் எதிரியாகிய மேனனுக்கு பி. டி. சுந்தரராஜனும், இரண்டாம் எதிரியாகிய தேவகிக்கு எஸ். கிருஷ்ணமூர்த்தியும் ஆஜரானார்கள். ஹைகோர்ட்டில் நடைபெறும் செஷன்ஸ் விசாரணையில் ஒன்பது பேர் கொண்ட ஜூரிகள் உட்காரும் முறை அப்போது வழக்கில் இருந்தது. திட்டமிட்டு வரவழைத்துச் செய்த கொலை என்பது அரசின் கட்சி. ஹைகோர்ட்டு வளாகத்தில் கூடிய ஜனத்திரளுக்கு அளவில்லை. அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து உயிர் துறந்து, ஆந்திரம் பிரிவதென்று முடிவாகி, சென்னை யாருக்கு என்று நாடே கொந்தளித்திருந்தது. அந்தக் கொந்தளிப்புக்கு நடுவிலும் பத்திரிகைகள் இவ்வழக்குக்குப் பத்தி பத்தியாக இடம் கொடுத்தன.

இனித்தான் இந்த வழக்கில் என் மனத்தை உறுத்தும் பகுதி வருகிறது.

கோர்ட்டில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் இருவர். ஆனால் உண்மையில் விசாரிக்கப்பட்டவர்கள் மூவர். மூன்றாமவர் ஆளவந்தார். அவர் பெண்களோடு பழகிய விதம், அவர் கொடுத்த தொல்லை, அவர் பழக்கவழக்கங்கள் யாவும் நாள்தோறும் எடுத்துரைக்கப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி உண்மையாகவே இருக்கலாம். திருமணமாகித் தன் வழியே வாழ விரும்பிய ஒரு பெண்ணை அவர் விடாமல் தொடர்ந்து துன்புறுத்தினார் என்றால் அது கொடுமையே, அதைக் கோர்ட்டு கேட்டேயாக வேண்டும். சினம் மூட்டிய காரணம் என்னவென்று அறியாமல் சினத்தின் அளவை நிறுக்க முடியாது என்பது சட்டத்துக்கும் உடன்பாடே. ஆனால் மற்ற இருவருக்கும் வக்கீல்கள் இருந்தார்கள், மூன்றாமவருக்கு இல்லை. அவர் செய்ததற்கு அவரே விளக்கம் சொல்ல வழியில்லை. அரசுத் தரப்பு வக்கீல் ராஜ்யத்துக்காக வாதாடுகிறவர். இறந்தவரின் நற்பெயருக்காக வாதாடுவது அவர் கடமையன்று.

இது இவ்வழக்குக்கு மட்டும் உரிய நிலையன்று. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் குத்தப்பட்டு மறுநாள் இறந்த லட்சுமிகாந்தனை எடுத்துக்கொள்வோம். பிறர் அந்தரங்கங்களை அச்சிட்டு வாழ்ந்த மஞ்சள் பத்திரிகைக்காரர் அவர். அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டு, பிரிவி கவுன்சில் வரை சென்று, 1947-இல் விடுதலையானார்கள். நாடு முழுவதும் அவ்விரு கலைஞருக்காகக் கண்ணீர் வடித்தது, நியாயமாகவே வடித்தது. ஆனால் லட்சுமிகாந்தனைக் கொன்றவர் யார் என்ற கேள்வி விடையில்லாமல் நின்றதைப் பற்றி எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 1959 ஏப்ரலில் பம்பாயில் பிரேம் அஹுஜாவைச் சுட்ட கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கிலும் இதுவே நடந்தது. எட்டுக்கு ஒன்று என்ற வாக்கில் ஜூரிகள் நானாவதியைக் குற்றமற்றவர் என்றார்கள். ஹைகோர்ட்டு அதை ஏற்காமல் ஆயுள் தண்டனை விதித்தது. பிறகு மன்னிப்பும் கிடைத்தது. ஜூரி முறை நம் நாட்டிலிருந்து மறைந்ததற்கு அவ்வழக்கு ஒரு முக்கிய காரணமாகச் சொல்லப்படுகிறது. மூன்று வழக்கிலும் கொலையுண்டவர் ஒழுக்கம் குறைந்தவர் என்று பெயரெடுத்தவர். மூன்றிலும் பொது அபிப்பிராயம் கூண்டில் நின்றவர் பக்கம் சாய்ந்தது.

ஆளவந்தார் வழக்கில் ஜூரிகள் எதிரிகளைக் குற்றவாளிகள் என்றே கண்டார்கள். நீதிபதி மேனனுக்கு ஏழாண்டுக் கடுங்காவலும் தேவகிக்கு மூன்றாண்டுச் சிறையும் விதித்தார். இந்த எண்களுக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருப்பதைச் சட்டம் அறியாதவர் கவனிப்பதில்லை. அந்நாளில் வழங்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-ஆம் பிரிவின்படி கொலைக்குத் தண்டனை இரண்டே: மரணம், அல்லது ஆயுட்காலத் தண்டனை. ஏழாண்டு என்பது அந்தப் பிரிவில் இல்லாத எண். ஆகவே மேனன் செய்தது ஒரு மனிதனின் உயிரைப் போக்கிய குற்றமே, ஆனால் சட்டம் கொலை என்று பெயரிடும் உச்சக் குற்றம் அன்று என்பதே அந்தத் தண்டனையின் பொருள். 300-ஆம் பிரிவின் முதல் விலக்கு, கடுமையும் திடீர்த்தன்மையும் உடைய சினமூட்டலுக்கு ஆளாகித் தன்வசமிழந்தவனைப் பற்றியது. இத்தகைய வழக்குகளில் எதிர்த்தரப்பு இயல்பாக நாடும் அடைக்கலம் அதுவே. நீதிபதியின் உள்ளம் அத்தம்பதிகளின்பால் இரங்கியிருந்தது என்று அக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்டது.

இரக்கத்தை நான் குறை கூறவில்லை. தூக்குமேடைக்கு இருவரை அனுப்பியிருந்தால் அது நியாயமாகியிருக்கும் என்றும் நான் எண்ணவில்லை. ஆனால் திடீரெனப் பொங்கிய சினத்துக்கு ஒரு பொழுது உண்டு. அது தணிந்த பின் தலையைத் தனியே அகற்றிப் பிரித்து மறைத்து, உடலை மடக்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டி, ரயிலடிக்குக் கொண்டுபோய், கூலி கொடுத்து ஏற்றி, வீடு திரும்புவதற்கு வேறொரு மனநிலை வேண்டும். முதற் செயலுக்குச் சொல்லப்படும் காரணம் இரண்டாம் செயலுக்குப் போதாது. இவ்விரண்டும் பொதுமக்களின் பேச்சில் ஒன்றாகக் கலந்து, அவன் செய்ததற்கு அவனுக்கு வேண்டியதுதான் என்று முடிந்தது எனக்கு இன்றும் உடன்பாடில்லை. ஆளவந்தாரைத் தடுக்கச் சட்டம் இருந்தது, போலீஸ் இருந்தது, அண்டை வீடுகள் இருந்தன. அவற்றிடம் முறையிட்டால் பெண்ணின் பெயரே முதலில் கெடும் என்னும் அச்சம் இல்லாத சமூகமாக அது இருந்திருந்தால், தேவகிக்கும் வேறு வழி தோன்றியிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு விலையாக ஓர் உயிர் கணக்கில் வராமல் போகக் கூடாது.

அந்தக் கோர்ட்டில் இன்னொருவரையும் நினைக்க வேண்டும். அழுகிய முகத்தைப் பார்த்து இது என் கணவர் என்று சொல்லக் கடமைப்பட்ட அந்தப் பெண்மணி, அதே கணவரின் பெயர் சந்தி சிரிப்பதையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. எந்தத் தீர்ப்பிலும் அவருக்கு ஒரு வரி இல்லை. சிந்துப் பாட்டுக்காரர்களுக்கு அவர் இரண்டடி ஒப்பாரிக்கு உதவியிருக்கலாம். வழக்கைத் துலக்கிய முதற் சாட்சியங்களுள் ஒன்று அவருடையது என்பதை வரலாறு எழுதுகிறவர்கள் மறக்கலாகாது.

மேனனும் தேவகியும் தண்டனைக் காலம் முழுதும் கழியுமுன்பே விடுதலை பெற்றுக் கேரளத்துக்குத் திரும்பினார்கள். அதற்குமேல் அவர்கள் வாழ்க்கை அவர்களுடையது, நாம் தொடர வேண்டியதில்லை.

மானாமதுரையிலிருந்து கிழக்கே அதே இருப்புப்பாதையில் சென்றால் வருவது பரமக்குடி. 1957 செப்டம்பர் 11-ஆம் தேதி இரவு அவ்வூரில் இமானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டதும், அதற்கு முன்னும் பின்னும் முதுகுளத்தூர்ப் பகுதி பற்றி எரிந்ததும், அவ்வழக்கின் விசாரணையும் அடுத்த அத்தியாயத்தில் இடம்பெறும்.